நிறைந்த வீட்டில் தனியாக: 1937இல் வந்த ஓர் அமெரிக்கப் படம்

லூசி கூப்பருக்கு எழுபது வயது. சொந்த வீடு கைவிட்டுப் போய்விட்டது. நியூயார்க்கில் மகன் ஜார்ஜின் பிளாட்டில், பேத்தி ரோடாவின் அறையில் அவருக்கு ஒரு கட்டில் கிடைத்திருக்கிறது. ஐம்பது வருடம் கூடவே வாழ்ந்த கணவர் பார்க், வேறு ஊரில் மகள் கோராவின் வீட்டுக் கூடத்தில் சோபாவில் படுத்துக்கொள்கிறார். இருவரையும் யாரும் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு வருகிறது. ஆனால் அந்த வீடுகளில் அவர்கள் எங்கே போய் உட்கார்ந்தாலும், அது வேறு யாருக்காவது தேவைப்படுகிற இடமாக இருக்கிறது. லியோ மெக்கேரி இயக்கி 1937 மே மாதம் வெளியான 'மேக் வே ஃபார் டுமாரோ' தனிமை என்று காட்டுவது இதைத்தான். ஆள் இல்லாத தனிமை அல்ல, ஆட்களுக்கு நடுவே இடைஞ்சலாகிப் போகிற தனிமை.

ஒன்றரை மணி நேரக் கறுப்பு வெள்ளைப் படம். பெரிய நட்சத்திரம் கிடையாது, காதல் ஜோடி கிடையாது, வில்லன் கிடையாது. வந்த காலத்தில் ஓடவில்லை. பல பத்தாண்டுகள் சினிமா ஆட்கள் தங்களுக்குள் மட்டும் பேசிக்கொள்கிற படமாக இருந்தது. கல்லையும் அழவைக்கும் படம் என்று இயக்குநர் ஆர்சன் வெல்ஸ் சொன்னது பிரபலம். அப்படிச் சொல்லக் கேட்டு, நன்றாக அழவேண்டியிருக்கும் என்று தயாராகி உட்கார்ந்தால் படம் வேறுவிதமாக நடந்துகொள்ளும். முதல் ஒரு மணி நேரம் அது அழவிடுவதே இல்லை. சங்கடப்படுத்துகிறது. சிரிக்கவும் வைக்கிறது.

கதை சிறியது. பார்க் கூப்பர் கணக்கு எழுதும் வேலை பார்த்தவர். வயதாகிவிட்டதால் சில வருடங்களாக வேலை கிடைக்கவில்லை. வீட்டுக் கடனைக் கட்ட முடியவில்லை, வங்கி வீட்டை எடுத்துக்கொள்கிறது. ஐந்து பிள்ளைகளில் நால்வரைக் கூப்பிட்டு உட்காரவைத்து விஷயத்தைச் சொல்கிறார். ஐந்தாவது மகள் ஆடி தொலைவில், கலிஃபோர்னியாவில் இருக்கிறாள். அம்மா அப்பா இருவரையும் சேர்த்து வைத்துக்கொள்ள வசதியுள்ளவள் நெல்லி ஒருத்திதான். புருஷனைச் சம்மதிக்கவைக்க மூன்று மாதம் வேண்டும் என்கிறாள். அதுவரைக்கும் அம்மா ஜார்ஜிடம், அப்பா கோராவிடம். தற்காலிக ஏற்பாடு என்கிறார்கள். அந்த மூன்று மாதம் முடிந்தபின் அதைப் பற்றி யாரும் பேச விரும்புவதில்லை.

இந்த முதல் காட்சியிலேயே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வங்கி கொடுத்திருந்த கெடு ஆறு மாதம். பார்க் பிள்ளைகளைக் கூப்பிடுவது கெடு முடிய இன்னும் சில நாட்களே இருக்கும்போது. தள்ளிப்போட்டிருக்கிறார். ஏதாவது நடக்கும், யாரிடமும் கேட்க வேண்டி வராது என்று நம்பியிருக்கிறார். கடைசி நாளில் கேட்டால் எந்தக் குடும்பமும் திணறத்தான் செய்யும். மெக்கேரி இதை அடிக்கோடிட்டுச் சொல்வதில்லை. ஆனால் பெற்றோர் பக்கம் மொத்தமாகச் சாய்ந்துவிடாதபடி நம்மை ஆரம்பத்திலேயே நிறுத்திவைக்கிறார்.

படத்தின் மையம் என்று நான் நினைப்பது ஜார்ஜ் வீட்டில் நடக்கும் ஒரு மாலைப் பொழுது. மருமகள் அனிட்டா வீட்டிலேயே பிரிட்ஜ் சீட்டாட்டம் கற்றுக்கொடுக்கிறார். குடும்பத்துக்கு அந்த வருமானம் தேவை. அன்று கூடம் முழுக்க மேசைகள், நல்ல உடை உடுத்திய ஆட்கள். லூசிக்குப் போய் உட்கார வேறு இடமில்லை. தன்னோடு கொண்டுவந்த ஆடும் நாற்காலியில் அதே கூடத்தில் உட்கார்கிறார். நாற்காலி கிரீச்சிடுகிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஒரு சத்தம். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசிப்பவர்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். யாரும் எதுவும் சொல்வதில்லை, நாகரிகமானவர்கள். அந்த நாகரிகம் அனிட்டாவை இன்னும் கூச வைக்கிறது. இந்த இடத்தில் நாம் சிரிக்கிறோம். சிரிக்க வேண்டும் என்றுதான் காட்சி எடுக்கப்பட்டிருக்கிறது.

அப்புறம் போன் வருகிறது. பார்க் பேசுகிறார். வெளியூர் அழைப்பு என்பதால் லூசி கத்திப் பேசுகிறார், அந்தக் காலத்து ஆட்கள் பேசுவதுபோல. போன் இருப்பதும் அதே கூடத்தில். மறுமுனையில் அவர் என்ன சொல்கிறார் என்பது நமக்குக் கேட்பதில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், குளிருக்கு ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறீர்களா என்றெல்லாம் லூசி கேட்பது மட்டும் கேட்கிறது. இந்த அழைப்புக்கு எவ்வளவு செலவாகியிருக்கும், அந்தக் காசுக்கு ஒரு நல்ல கம்பளிக் கழுத்துத்துணி வாங்கியிருக்கலாமே என்று கடிந்துகொள்கிறார். கூடத்தில் இருப்பவர்கள் முதலில் பொறுமையிழந்து பார்க்கிறார்கள். பிறகு சீட்டுகள் நிற்கின்றன. பிறகு யாரும் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. முன்பின் தெரியாத ஒரு கிழவியின் தாம்பத்தியம் முழுவதும் அவர்கள் காதில் விழுந்துவிட்டது. எழுந்து வெளியேறவும் முடியாது, கேட்காதது மாதிரி இருக்கவும் முடியாது. லூசி பேசி முடித்துவிட்டு, தொந்தரவு கொடுத்துவிட்டேனோ என்ற முகத்தோடு நிற்கிறார்.

தனிமையை எத்தனையோ படங்கள் காட்டியிருக்கின்றன. பெரும்பாலும் தனித்திருப்பவர் முகத்தில் கேமராவை வைத்து, பின்னால் வயலின் வாசித்து, இவர் பாவம் என்று சொல்லிவிடுவார்கள். இங்கே தனிமையின் எடை கேட்டுக்கொண்டிருப்பவர்கள் மேல் ஏற்றப்படுகிறது. நாமும் ஒரு நிமிடத்துக்கு முன்னால் நாற்காலிச் சத்தத்துக்குச் சிரித்தவர்கள்தான். அந்தச் சிரிப்பு இப்போது தொண்டையில் நிற்கிறது. லூசிக்காக வருத்தப்படுவதற்கு முன்னால் நம்மைப் பற்றி ஒரு கூச்சம் வருகிறது. இந்தப் படத்தை மறக்க முடியாமல் போவதற்கு இந்தக் கூச்சம்தான் முதல் காரணம் என்று எனக்குப் படுகிறது.

மெக்கேரிக்கு இது கைவந்த வித்தை. அவர் நகைச்சுவையில் வளர்ந்தவர். ஹால் ரோச் ஸ்டுடியோவில் லாரல்–ஹார்டி ஜோடியை உருவாக்கியதில் பங்குள்ளவர். 1933இல் மார்க்ஸ் சகோதரர்களை வைத்து 'டக் சூப்' எடுத்தவர். ஒரு சங்கடத்தை எவ்வளவு நேரம் நீட்டினால் சிரிப்பு வரும் என்பது அவருக்குத் தெரியும். இந்தப் படத்தில் அந்தக் கணக்குக்கு மேலும் சில விநாடிகள் காட்சியை ஓடவிடுகிறார். சிரிப்பு அடங்கியபின்னும் காட்சி முடியாமல் இருக்கும்போது என்ன மிஞ்சுகிறதோ அதுதான் இந்தப் படம். தன் தந்தை இறந்து அதிக காலம் ஆகாத சமயத்தில் அவர் இதை எடுத்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நடிகர் தேர்வும் இதே வழியில்தான் நடந்திருக்கிறது. பார்க்காக நடித்த விக்டர் மூர் மேடையில் பேர் வாங்கிய நகைச்சுவை நடிகர். தடுமாறும் குரல், குழந்தை முகம். அவரைச் சோகப் பாத்திரத்தில் போடுவது அப்போது துணிச்சலான காரியம். லூசியாக நடித்த பியூலா பாண்டிக்கு அப்போது ஐம்பதுகூட ஆகவில்லை. அவர் மகனாக வரும் தாமஸ் மிச்சல் நிஜத்தில் அவரைவிட மூன்று நான்கு வயதுதான் இளையவர். தெரிந்துகொண்டு பார்த்தாலும் நம்ப முடியாது. ஒப்பனையைவிட அவர் கைகளைப் பாருங்கள். எதைச் செய்தாலும், செய்யலாமா என்று கேட்பதுபோல ஒரு சின்னத் தயக்கத்தோடு நகர்கிற கைகள்.

பிள்ளைகள் கெட்டவர்களா? படத்தைப் பார்த்தவர்கள் அதிகம் விவாதிப்பது இதைத்தான். கோரா கொஞ்சம் கடுமையானவள் என்று வைத்துக்கொள்ளலாம். அப்பாவுக்குச் சளி பிடித்து டாக்டர் வரும்போது, அக்கம்பக்கம் என்ன நினைக்கும் என்று சோபாவிலிருந்து அவசரமாகத் தன் படுக்கைக்கு மாற்றுகிறாள். பார்க்கின் சிநேகிதரான கடைக்காரர் மேக்ஸ் ரூபன்ஸ் வீட்டிலிருந்து சூப் கொண்டுவந்தால், தன்னால் அப்பாவைக் கவனிக்க முடியாது என்று சொல்லிக்காட்டுவதாக எடுத்துக்கொள்கிறாள். ஆனால் அனிட்டா? இரண்டு மூன்று அறை உள்ள வீட்டில் மாமியார், வயதுக்கு வந்த மகள், சீட்டாட்ட வகுப்பு, எல்லாவற்றையும் ஒருத்தி சமாளிக்கிறாள். ரோடா பாட்டியோடு அறையைப் பகிர வேண்டியிருப்பதால் சிநேகிதர்களை வீட்டுக்கு அழைப்பதை நிறுத்திவிட்டு வெளியே சுற்ற ஆரம்பிக்கிறாள். அது அனிட்டாவுக்குக் கவலை. லூசிக்கு அந்த விஷயம் தெரிந்திருந்தும் பேத்திக்காக மறைக்கிறார். அனிட்டாவின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. லூசியின் மௌனத்திலும் அன்பு இருக்கிறது. இரண்டும் ஒரே வீட்டில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

பார்க்கும் சாது அல்ல. வைத்தியம் பார்க்க வரும் இளம் டாக்டரைப் பாடாய்ப் படுத்துகிறார். கோராவைக் குத்திக் குத்திப் பேசுகிறார். முதியவர்களைத் தெய்வமாக்கியிருந்தால் இந்தப் படம் ஒரு நீதிக் கதையாகி எப்போதோ மறக்கப்பட்டிருக்கும். இங்கே அவர்கள் கொஞ்சம் தொல்லை பிடித்த, பிடிவாதமான, நமக்குத் தெரிந்த மனிதர்களாக இருக்கிறார்கள். அதனால்தான் நமக்குத் தப்பிக்க வழியில்லாமல் போகிறது.

ரோடாவுக்கும் பாட்டிக்கும் நடக்கும் ஒரு பேச்சு இருக்கிறது. தாத்தாவுக்கு வேலை கிடைக்கும், மறுபடி சேர்ந்து இருப்போம் என்று லூசி சொல்ல, நிஜத்தை ஒத்துக்கொள்ளுங்கள் பாட்டி என்கிறாள் பதினேழு வயது ரோடா. லூசி கோபப்படுவதில்லை. உன் வயதில் உலகம் அழகாக இருக்கும்போது நிஜத்தைப் பார்ப்பதும் நடனம் ஆடுவதைப்போல ஒரு சந்தோஷம்தான், என் வயதில் மிச்சமிருக்கும் ஒரே சந்தோஷம் பார்க்க வேண்டிய நிஜம் எதுவும் இல்லை என்று பாவனை செய்வதுதான், நான் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்கிறார். அனுமதி கேட்கும் தொனியில் கேட்கிறார். ரோடாவிடம் பதில் இல்லை. இந்த இடத்துக்குப் பிறகு லூசி சொல்லும் நம்பிக்கையான வார்த்தை ஒவ்வொன்றையும் நாம் இரண்டு விதமாகக் கேட்க வேண்டியிருக்கிறது.

மேக்ஸ் ரூபன்ஸின் கடையில் வரும் காட்சி மிகச் சின்னது. பார்க்கின் மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டது, லூசி எழுதிய கடிதத்தை மேக்ஸ் படித்துக் காட்டுகிறார். படித்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்திவிடுகிறார். இதற்குமேல் வேறொருவர் வாயால் வாசிக்கக் கூடாது என்று அவருக்குப் புரிகிறது. பார்க் கிளம்பியபின் மேக்ஸ் உள்ளே பார்த்து மனைவியைக் கூப்பிடுகிறார். அவர் வந்து என்னவென்று கேட்டால், சொல்வதற்கு மேக்ஸிடம் விஷயம் ஒன்றும் இல்லை. மனைவி அங்கே இருக்கிறாரா என்று பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. யூதக் குடியேறியான இந்தக் கடைக்காரர்தான் பார்க்குக்கு அந்த ஊரில் இருக்கும் ஒரே துணை. பெற்ற மகள் வீட்டில் கிடைக்காத உட்காரும் இடம் அவர் கடையில் கிடைக்கிறது.

இனி இந்தக் கதை ஏன் 1937இல் வந்தது என்று பார்க்கலாம். பொருளாதாரப் பெருமந்தத்தின் மோசமான கட்டத்தில், 1933 வாக்கில், அமெரிக்காவில் உழைக்கும் வயதினரில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வேலை இல்லை. நாளொன்றுக்கு ஆயிரம் வீடுகள் என்ற கணக்கில் கடனுக்காகப் பறிபோயின. வேலை இருந்த இடத்திலும் வயதானவர்களைத்தான் முதலில் அனுப்பினார்கள். அவர்களைத் திரும்பச் சேர்க்க யாரும் தயாராக இல்லை. கலிஃபோர்னியாவில் பிரான்சிஸ் டவுன்சென்ட் என்ற டாக்டர், அறுபது வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் மாதம் 200 டாலர் கொடுக்க வேண்டும், வாங்கியவர் அதை அந்த மாதத்துக்குள் செலவழித்துவிட வேண்டும் என்று ஒரு திட்டத்தை முன்வைத்தார். லட்சக்கணக்கான முதியவர்கள் அவர் பின்னால் திரண்டார்கள். அந்த நெருக்கடியும் சேர்ந்துதான் 1935 ஆகஸ்ட் 14 அன்று முதியோர் ஓய்வூதியத்துக்கு வழிசெய்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். ஜோசஃபின் லாரன்ஸ் எழுதி, இந்தப் படத்துக்கு மூலமான நாவல் அதற்கு முந்தைய வருடம், 1934இல் வெளியானது.

சரி, சட்டம் வந்துவிட்டதே, பார்க் கூப்பருக்கு ஓய்வூதியம் கிடைத்திருக்காதா என்று கேட்கலாம். கிடைத்திருக்காது. சம்பளத்தில் பிடித்தம் தொடங்கியதே 1937 ஜனவரியில்தான். அந்தப் பிடித்தத்தின் பேரில்தான் பிற்காலத் தொகை. அதற்கு முன்பே வேலையை இழந்துவிட்ட எழுபது வயதுக்காரருக்கு அதில் இடமில்லை. ஏழை முதியவர்களுக்கு என்று மாநிலங்கள் வழியாகக் கொடுக்கப்பட்ட உதவித்தொகை தனி, அதை வாங்க வறுமையை நிரூபிக்க வேண்டும். மாதாந்தர ஓய்வூதியத்தின் முதல் காசோலை 1940 ஜனவரியில்தான் வந்தது, ஐடா மே ஃபுல்லர் என்ற பெண்மணிக்கு, 22 டாலர் 54 சென்ட். அதாவது பார்க்கும் லூசியும் இரண்டு காலங்களுக்கு நடுவே விழுந்தவர்கள். பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள் என்ற பழைய ஏற்பாடு நகரத்துச் சின்ன வீடுகளில் உடைந்துகொண்டிருந்தது, அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்ற புதிய ஏற்பாடு இன்னும் வந்துசேரவில்லை.

இன்னொரு ஆளையும் இங்கே நினைக்க வேண்டும். ஜார்ஜ் வீட்டில் வேலை செய்யும் மேமி, லூயிஸ் பீவர்ஸ் நடித்த பாத்திரம். வீட்டு வேலை செய்பவர்களையும் பண்ணைத் தொழிலாளர்களையும் 1935ஆம் ஆண்டுச் சட்டம் ஓய்வூதியத்திலிருந்து விலக்கி வைத்தது. கறுப்பினப் பெண்கள் பெரும்பாலும் செய்தது அந்த வேலைகளைத்தான். மேமியின் முதுமையைப் பற்றிப் படம் எதுவும் யோசிப்பதில்லை. அது படத்தின் காலத்துக் குறை, ஆனால் இன்று பார்க்கும்போது அந்தச் சமையலறைக் கதவுப் பக்கம் கண் போகாமல் இருப்பதில்லை.

இனி லூசிக்கும் ஜார்ஜுக்கும் நடக்கும் காட்சி. வயதான பெண்களுக்கான இல்லம் ஒன்றிலிருந்து ஜார்ஜுக்கு வந்த கடிதத்தின் உறையை லூசி பார்த்துவிடுகிறார். சொல்ல வேண்டியதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் மகன் வந்து நிற்கிறான். லூசி முந்திக்கொள்கிறார். எனக்கு இங்கே அவ்வளவு சந்தோஷமாக இல்லை ஜார்ஜ், நீ தப்பாக நினைத்துக்கொள்ளக் கூடாது, அந்த இல்லத்துக்குப் போகலாம் என்று இருக்கிறேன் என்று தானே ஆசைப்படுவதுபோலச் சொல்கிறார். மகன் வாயிலிருந்து அந்த வார்த்தை வரக்கூடாது என்பதற்காகத் தன் வாயிலிருந்து வரவழைத்துக்கொள்கிறார். ஜார்ஜுக்கும் தெரிகிறது. தெரிந்துகொண்டே ஒத்துக்கொள்கிறான். பிறகு லூசி ஒரே ஒரு நிபந்தனை வைக்கிறார்: அப்பாவுக்கு இது தெரியக் கூடாது, நான் உங்களோடு இருப்பதாகவே அவர் நினைத்துக்கொண்டிருக்கட்டும், அவரிடம் நான் மறைக்கும் முதல் விஷயம் இதுதான். அப்பா கலிஃபோர்னியாவில் ஆடியின் வீட்டுக்குப் போகப்போகிறார். அவருக்குக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர் சொன்னது கோராவுக்கு நல்ல காரணமாகப் போயிற்று. ஆடியால் அப்பாவை மட்டும்தான் வைத்துக்கொள்ள முடியும்.

ஐம்பது வருடத் தாம்பத்தியத்தில் முதல் ரகசியம். இதற்கு முன்னால் லூசி அனுபவித்த தனிமை பிறர் தந்தது. இந்தத் தனிமையை அவரே தேர்ந்தெடுக்கிறார், கணவர் நிம்மதியாக ரயில் ஏறட்டும் என்பதற்காக. பியூலா பாண்டி இதைக் கிட்டத்தட்டப் புன்னகையோடு செய்கிறார். தாமஸ் மிச்சலின் முகம்தான் உடைகிறது.

படத்தின் கடைசிப் பகுதி வேறொரு படம்போல இருக்கும். ரயில் ஒன்பது மணிக்கு. அதற்கு முன் சில மணி நேரம் இருவரும் நியூயார்க்கில் சேர்ந்து இருக்கிறார்கள். பிள்ளைகள் விருந்து சமைத்துக் காத்திருக்கிறார்கள். இவர்கள் போவதில்லை. தெருவில் நடக்கிறார்கள். காட்சிக்கு வைத்த ஒரு காரை நின்று பார்க்கிறார்கள். வாங்க வந்த பணக்காரர்கள் என்று நினைத்து விற்பனையாளர் ஓட்டிக் காட்ட ஏற்றிக்கொள்கிறார். தேன்நிலவுக்குப் போன அதே ஹோட்டலில் போய் இறங்குகிறார்கள். அவர்கள் கார் வாங்க வந்தவர்கள் இல்லை என்று அந்த விற்பனையாளருக்குத் தெரியவந்தபோதும் முகம் சுளிப்பதில்லை. ஹோட்டல் மேலாளர் கூட வந்து உட்கார்ந்து பேசுகிறார். ஐந்து பிள்ளைகளா, உங்களுக்கு எவ்வளவு சந்தோஷம் கொடுத்திருப்பார்கள் என்கிறார். உங்களுக்குப் பிள்ளைகள் இல்லை என்று நினைக்கிறேன் என்கிறார் பார்க். நடனத் தளத்தில் இருவரும் அடியெடுத்து வைக்கும்போது வாத்தியம் வேகமான பாட்டுக்கு மாறுகிறது. அந்தத் துள்ளலுக்கு ஆடத் தெரியாமல் நிற்கிறார்கள். இசைக்குழுத் தலைவர் அதைக் கவனித்து, வாத்தியத்தை நிறுத்தி, ஒரு பழைய வால்ட்ஸுக்கு மாற்றுகிறார்.

பெற்ற பிள்ளைகளிடம் கிடைக்காத மரியாதை அந்நியர்களிடம் கிடைக்கிறது என்று மேலோட்டமாகச் சொல்லிவிடலாம். நான் வேறு மாதிரி பார்க்கிறேன். அந்நியர்கள் ஒரு மாலைக்கு மட்டும் நல்லவர்களாக இருந்தால் போதும். யாரும் தங்கள் வீட்டில் ஓர் அறையை விட்டுத்தர வேண்டியதில்லை. இரக்கம் எங்கே சுலபம், எங்கே கஷ்டம் என்பதை மெக்கேரி அறிந்தே இந்தக் காட்சிகளை அடுக்கியிருக்கிறார். ஆனாலும் அந்த மாலை பொய்யில்லை. மற்ற வீடுகளில் இருவரும் ஒரு பிரச்சினையாக இருந்தார்கள், இங்கே ஒரு ஜோடியாக இருக்கிறார்கள். பார்க் பேசுவதே மாறிவிடுகிறது. இளைஞன் மாதிரி கிண்டல் செய்கிறார்.

ஹோட்டல் மேசையில் ஒரு சின்ன விஷயம் நடக்கிறது. பார்க் குனிந்து லூசியை முத்தமிடப் போகிறார். லூசியும் முகத்தைத் திருப்புகிறார், சட்டென்று கேமராவைப் பார்த்துவிடுகிறார். நம்மைப் பார்க்கிறார். கூச்சத்தோடு விலகிக்கொள்கிறார். அந்தக் காலத்து ஹாலிவுட் படத்தில் நடிகர் கேமராவைப் பார்ப்பது விதிக்குப் புறம்பு, நகைச்சுவைப் படங்களில் மட்டுமே அனுமதி. மெக்கேரி அந்த நகைச்சுவை உத்தியை இங்கே கொண்டுவந்து வைத்திருக்கிறார். போனில் பேசியபோது சீட்டாட்டக்காரர்கள் கேட்டார்கள், கடையில் கடிதத்தை மேக்ஸ் படித்தார், இப்போது நாம் பார்க்கிறோம். இந்த ஜோடிக்குத் தனியாக இருக்க ஓரிடம்கூடக் கிடைக்கவில்லை. தனிமை பற்றிய படத்தில் கடைசியில் அவர்களுக்கு இல்லாமல் போனது தனித்திருக்கும் உரிமை என்பதை யோசித்தால், படம் இன்னொரு பக்கம் திறக்கிறது.

வீட்டில் காத்திருக்கும் பிள்ளைகள் அன்று ஸ்டேஷனுக்குப் போவதில்லை. விருந்துக்கு வரமாட்டோம் என்று அப்பா போனில் கடுமையாகச் சொல்லிவிட்டார். நாம் உருப்படாத பிள்ளைகள் என்பது நமக்கு எப்போதோ தெரியும், அப்பாவுக்கும் தெரியும் என்று இப்போதுதான் தெரிகிறது என்கிறான் இன்னொரு மகன் ராபர்ட். நேரத்தை வேண்டுமென்றே கடத்திவிட்டேன், அவர்கள் தனியாக இருக்கட்டும் என்று ஜார்ஜ் ஒத்துக்கொள்கிறான். வழியனுப்பக்கூடப் போகாவிட்டால் நம்மை மோசமானவர்கள் என்று நினைப்பார்களே என்று நெல்லி பதறுகிறாள். நாம் மோசமானவர்கள்தானே என்று கேட்கிறான் ஜார்ஜ். பிள்ளைகள் அம்மா அப்பாவுக்காகச் செய்த ஒரே நல்ல காரியம் போகாமல் இருந்தது.

படத்தைத் தயாரித்த பாரமவுண்ட் நிறுவனத்துக்கு இந்த முடிவு பிடிக்கவில்லை. யாராவது மனம் மாறி வரட்டும், ஏதாவது நல்லது நடக்கட்டும் என்று கேட்டார்கள். மெக்கேரி மாற்றவில்லை. படம் தோற்றது, நிறுவனம் அவரை அனுப்பிவிட்டது. கொலம்பியாவுக்குப் போய் அதே வருடம் 'தி ஆஃபுல் ட்ரூத்' என்ற நகைச்சுவைப் படம் எடுத்தார், அதற்குச் சிறந்த இயக்குநருக்கான ஆஸ்கர் கிடைத்தது. விருதை வாங்கிக்கொண்டு, தவறான படத்துக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்றார்.

கேட்டபடி முடிவை மாற்றியிருந்தால் என்ன கிடைத்திருக்கும் என்பதற்கு நம் ஊர்ப் படங்களே பதில் சொல்லும். பெற்றவர்களை ஆளுக்கு ஒருவராகப் பிரித்துவைக்கும் பிள்ளைகள் என்ற கதை இங்கே நன்றாக ஓடியது. பி. ஆர். பந்துலு 1958இல் கன்னடத்தில் 'ஸ்கூல் மாஸ்டர்', தமிழில் 'எங்கள் குடும்பம் பெரிசு' என்று எடுத்தார். இந்தியில் 2003இல் வந்த 'பாக்பான்' இதே அமைப்புதான். அங்கே வளர்ப்பு மகன் ஒருவன் வந்து கைகொடுக்கிறான், அப்பா எழுதிய புத்தகம் பேர் வாங்குகிறது, பெற்ற பிள்ளைகள் கூனிக்குறுகி நிற்கிறார்கள். பார்ப்பதற்குத் திருப்தியாக இருக்கும். நான் அதைக் குறைசொல்லவில்லை, அந்தத் திருப்தி பலருக்குத் தேவை. ஆனால் காப்பாற்ற ஒருவன் வந்துவிட்டால் தப்பு முழுக்க மற்றவர்களுடையதாகிவிடும், நாம் அந்த வளர்ப்பு மகன் பக்கம் போய் நின்றுகொள்ளலாம். மெக்கேரி படத்தில் நமக்கு அந்த இடம் கிடையாது. ஜார்ஜ் பக்கத்தில்தான் நிற்க வேண்டும்.

ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி' 1953இல் வந்தது. அதன் கதையை அவரோடு சேர்ந்து எழுதிய கோகோ நோடா மெக்கேரியின் படத்தைப் பார்த்தவர். பிள்ளைகள் வீட்டுக்குப் போய் இடைஞ்சலாகும் பெற்றோர் என்ற இழை இரண்டிலும் ஒன்றுதான். ஓசு படத்தில் தாய் இறந்துபோகிறாள், மரணம் வந்து எல்லாவற்றையும் ஓர் ஒழுங்குக்குக் கொண்டுவருகிறது. மெக்கேரி படத்தில் யாரும் இறப்பதில்லை. இருவரும் உயிரோடு, ஆரோக்கியமாக, வேறு வேறு ஊர்களில் இருக்கப்போகிறார்கள். எனக்கு இது கூடுதல் வலியாகத் தெரிகிறது.

2010இல் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இந்தப் படத்தைச் சேர்த்தார்கள். அதே வருடம் நல்ல பிரதியில் டிவிடியாகவும் வந்தது. இப்போது தேடினால் கிடைக்கும். பார்ப்பவர்கள் ஆடியையும் கொஞ்சம் கவனியுங்கள். நான்கு பிள்ளைகளின் முகம் நமக்குத் தெரியும். ஆடியின் பெயர் மட்டும் வந்துகொண்டே இருக்கும், அவள் ஒரு காட்சியிலும் வரமாட்டாள். லூசி போகப்போகும் இல்லத்தின் உட்புறத்தையும் படம் காட்டுவதில்லை. ஸ்டேஷனில் பார்க் வேலை தேடிக்கொண்டு உன்னைக் கூப்பிட்டுக்கொள்கிறேன் என்கிறார், லூசி சந்தேகமே இல்லை என்கிறார். ஒருவேளை இனிப் பார்க்க முடியாமல் போய்விட்டால், உங்களை அறிந்துகொண்டதில் மிகுந்த மகிழ்ச்சி மிஸ் பிரெக்கன்ரிட்ஜ் என்று கல்யாணத்துக்கு முந்தைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். விளையாட்டாகச் சொல்வதுபோலத்தான் சொல்கிறார். பார்க்குக்கு எல்லாம் தெரிந்துதான் அப்படிச் சொன்னாரா, லூசியின் ரகசியம் ரகசியமாக இருந்ததா என்று படம் எங்கேயும் உறுதிசெய்வதில்லை. விக்டர் மூரின் முகத்தை வைத்து நான் தெரிந்திருந்தது என்றே சொல்வேன். வேறு மாதிரி நினைப்பவர்களும் உண்டு, அவர்கள் பக்கத்திலும் காரணம் இருக்கிறது.